மொட்டைவாலுக்கு வால் முளைத்த சேதி

பிப்ரவரி 9

அத்தைக்கு,

நலம் விசாரித்து எழுதுகிற கடிதம் இல்லை இது. நீங்கள் போனை எடுத்திருந்தால் நான் ஏன் பேனாவை எடுக்கப் போகிறேன்? வந்த நாளிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறேன். முதலில் மணி அடித்தது, நீங்கள் எடுக்கவில்லை. அப்புறம் மணியே அடிக்கவில்லை. அணைத்துப் போட்டுவிட்டீர்கள் போல. சந்தோஷம்.

நான் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டேன். மெயின் பேக்டரி ரொம்பப் பெரியது. வேலை நம் ஊர்க் கிளையில் பார்த்த அதே வேலைதான். பெல்ட்டில் வருகிற கண்ணாடி பாட்டில்களை வெள்ளை விளக்குக்கு முன்னால் பார்த்து, விரிசல் விட்டதை, குமிழி விழுந்ததைத் தள்ளிவிட வேண்டும். பேக்டரிக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர். ஒரு பல்லி கிடையாது. கதவைத் திறந்து நேராக உள்ளே போகிறேன், கட்டிலில் விழுகிறேன். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

சொல்லாமல் கிளம்பியது தப்புதான். மாற்றல் உத்தரவு என் கைப்பையிலேயே கிடந்தது, போகலாமா வேண்டாமா என்று நான் இழுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போட்டுக் கொடுத்த அந்த டீதான் முடிவு பண்ணியது. பாதி டம்ளர் குடித்த பிறகு பார்க்கிறேன், அடியில் பல்லிக் குஞ்சு. வெந்து, வெளுத்து, நாலு காலையும் விரித்துக்கொண்டு. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு டீச்சர் ஓடி வந்தார். நீங்கள் டம்ளரை வாங்கி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "சக்கைடி. டீத்தூள் சக்கை. இதுக்கா இந்தக் கூப்பாடு?" என்றீர்கள். பார்த்துவிட்டு, அத்தை. பார்த்துவிட்டுச் சொன்னீர்கள். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் நீங்கள் இப்படி இல்லையே. எனக்குப் பல்லி என்றால் உயிர் போகிற பயம் என்று தெரிந்ததும், ஒவ்வோர் அறைக்கும் நீங்கள்தான் முன்னால் போவீர்கள். கையைத் தட்டுவீர்கள். சுவர், கதவு இடுக்கு, குழாய்க்கு மேலே எல்லாம் பார்த்துவிட்டு "இல்ல, வா" என்று குரல் கொடுப்பீர்கள். உங்கள் மகன் கூட, "மகாராணி வர்றாங்க, வழி விடுங்க" என்று கேலி பண்ணுவார். போன மழைக்காலத்தோடு அதை நிறுத்திவிட்டீர்கள். "நீயே பாத்துக்கோ, கண்ணு இருக்குல்ல" என்றீர்கள். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும், நான் அந்த வீட்டுக்கு வேண்டாதவள் ஆகிவிட்டேன் என்று.

ஒரே ஓர் உதவி. கொல்லைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் என் யூனிபார்ம் கோட்டு தொங்குகிறது. கருநீலக் கோட்டு. இங்கே அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள், இரவல் கோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதை மட்டும் அனுப்பிவையுங்கள்.

உங்கள் மருமகள்

*

பிப்ரவரி 15

மருமகளுக்கு,

நீ நலம் விசாரிக்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை. கணக்கு சரியாகப் போயிற்று.

போனை நான் அணைக்கவில்லை. அது பக்கெட்டில் விழுந்து செத்துப்போனது. குளியலறையில் வழியை மறித்து பக்கெட்டை வைத்தது யார் என்று கேட்காதே, வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். புதுப் போன் வாங்குகிற எண்ணமும் இல்லை. போனில் நீ கத்துவாய், நான் கத்துவேன். கடிதம் என்றால் கத்துவதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க நேரம் கிடைக்கிறது.

ஆனால் உன் எழுத்து இருக்கிறதே, எறும்பு ஊர்ந்து போன மாதிரி இருக்கிறது. கொஞ்சம் பெரிதாக எழுதினால் பேனா தேய்ந்துவிடுமா? மத்தியான வெயிலில் கொல்லையில் நாற்காலி போட்டு, பூதக்கண்ணாடியை வைத்துப் படித்து முடிப்பதற்குள் தலை சுற்றிவிட்டது.

அது சக்கைதான். நூறு தடவை கேட்டாலும் சக்கைதான். உனக்குத் துணிக் கொடியின் நுனி கூடப் பல்லி வாலாகத்தான் தெரியும். அடுப்படியில் தலையை நீட்டிக்கொண்டிருந்த மின்சார ஒயரைப் பார்த்து நாற்காலி மேல் ஏறி நின்றவள்தானே நீ?

நீ போனதற்கு இங்கே யாரும் மூலையில் உட்கார்ந்து அழவில்லை, பல்லிகள் உட்பட. வாசல் விளக்குக்கடியில் வாட்ச்மேன் வழக்கம்போல டியூட்டி பார்க்கிறான். கொய்யா மரத்துப் பொந்திலிருக்கிற பெரியவர் பொழுது சாய்ந்ததும் "ச்சு ச்சு" என்று யாரையோ கூப்பிடுகிறார். கடிகாரத்துக்குப் பின்னால் மொட்டைவால் இருக்கிறான். நீ துடைப்பத்தை எறிந்ததில் வாலைப் பறிகொடுத்தவன். வால் தனியாகக் கிடந்து துள்ளியதும், நீ அதற்குப் பயந்து என் தையல் மெஷின் மேல் ஏறியதும் நினைவிருக்கிறதா? பாவம், இன்னும் மொட்டையாகத்தான் திரிகிறான். நேற்றுக்கூடப் பார்த்தேன். நான் பேசினால் தலையைத் தூக்கிக் கேட்கிறான். இந்த வீட்டில் நான் பேசுவதைக் கேட்க அவனாவது இருக்கிறானே.

கோட்டை அனுப்பிவிட்டேன். மடிப்புக் கலையாமல் வைத்துக் கட்டியிருக்கிறேன். காலர் ஓரத்தில் தையல் விட்டிருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். நீயே போட்டுக்கொள்.

அத்தை

*

பிப்ரவரி 22

அத்தைக்கு,

பார்சல் வந்தது. பிரித்தேன். உள்ளே கறுப்புக் கோட்டு.

கருநீலம் என்று எழுதியிருந்தேன். கம்பெனி போன வருஷம் நிறத்தை மாற்றியபோது கறுப்பை ஓரமாகத் தொங்கவிட்டதும், புது நீலக் கோட்டைப் பிடித்துச் சுருக்கிக் கொடுத்ததும் நீங்கள்தான். ஒரே தையல், ஒரே துணி, பக்கத்துப் பக்கத்தில் தொங்குகிற இரண்டு கோட்டில், ஆகாத கோட்டைப் பார்த்து எடுத்து மடித்து அனுப்ப உங்களால்தான் முடியும். வேறு வழியில்லாமல் அதையே போட்டுக்கொண்டு போனேன். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "என்னம்மா, எந்தக் கோர்ட்டுல வாதாடப் போறீங்க?" என்றார். வரிசையே சிரித்தது. இப்போது என் பட்டப்பெயர் வக்கீலம்மா. உங்களுக்கு மனசு நிறைந்திருக்கும்.

காலர் தையலை அப்படியே விட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தெருவில் போகிறவனின் சட்டையில் நூல் பிரிந்திருந்தாலே பிடித்து நிறுத்தித் தைத்துக் கொடுக்கிறவர் நீங்கள். எனக்கென்றால் அப்படியே விட்டுவிடுவீர்கள். புரிகிறது.

இங்கே எனக்குத் தூக்கமே இல்லை. பல்லி இல்லாத அறையில் கொசு இருக்கிறது. வலை கட்டினால் மூச்சு முட்டுகிறது, கட்டாவிட்டால் காதுக்குள் பாட்டு. எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறேன். ஒன்றுமே இல்லாத சுவர். பழக்க தோஷம், அறைக்குள் நுழையும்போது வாசலில் ஒரு நொடி நின்று விடுகிறேன். எதற்கு நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. டீ வாசனை வந்தாலே குமட்டுகிறது.

அவருடைய கப்பல் நடுக்கடலில் இருக்கிறதாம். போன துறைமுகத்திலிருந்து செய்தி அனுப்பியிருந்தார். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டிருந்தார். நன்றாக இருக்கிறார்கள் என்று பதில் போட்டேன். நான் வீட்டில் இல்லை என்பதை நீங்களும் சொல்ல வேண்டாம். கடலில் இருக்கிறவருக்கு எதற்கு நம் தலைவலி?

நீலக் கோட்டு இனி வேண்டாம். இங்கேயே புதிது வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் மருமகள்

(கீழே, பென்சிலில்)
நாள் தள்ளிப் போயிருக்கிறது அத்தை. இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினேன், உறுதிதான் என்றார். அவருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

*

மார்ச் 1

மருமகளுக்கு,

கறுப்பாவது நீலமாவது! நான் எடுத்து அனுப்பியது உன் கோட்டுதான். கையில் எடுத்தாலே தெரியும் எனக்கு, தோள் வளைவு நான் பிடித்தது. சாயம் போயிருக்கும், இல்லையென்றால் உங்கள் பேக்டரி விளக்கு அப்படிக் காட்டியிருக்கும். சதா விளக்கு முன்னால் உட்கார்ந்தால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். அதற்கு நான் பொறுப்பா?

உன் கடிதம் முழுவதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தேன். குறையைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. எனக்கும் எழுதத் தெரியும் குறை. எழுதவில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை, அதனால்.

பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எத்தனை வருஷம் காஜா எடுப்பது? பட்டனுக்குத் துளை போட்டுப் போட்டு விரல் காய்த்துவிட்டது. மெஷினுக்கு உறை போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஓய்வு எடுக்க எனக்கு உரிமை இல்லையா?

டீச்சர் உனக்கு ஏதாவது எழுதினால் நம்பாதே. அடுப்பில் கைத்துணி லேசாகப் பொசுங்கியது, அவ்வளவுதான். அவள் குடத்துத் தண்ணீரோடு ஓடி வந்து அடுப்படி முழுக்கக் குளம் ஆக்கிவிட்டுப் போனாள். படியில் கால் பிசகியதும் செருப்பினால்தான். செருப்பு தேய்ந்த செருப்பு.

கொய்யாப் பெரியவர் இப்போது கூப்பிடுவதில்லை. ஆனால் முன்னறை வெள்ளைச் சுவரில் புதிதாக நாலு பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். பட்டப்பகலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கை தட்டினாலும் அசைவதில்லை. கிழவிதானே என்ற அலட்சியம்! நீ இருந்திருந்தால் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஓடியிருப்பாய். மொட்டைவால் மட்டும் கடிகாரத்தை விட்டு நகர்வதில்லை. வால் இல்லாததால் வெட்கமோ என்னவோ. இன்றைக்குக் காலையில் பார்த்தேன், மொழுக்கென்று இருக்கிறது பின்பக்கம். பார்க்கவே பரிதாபம்.

என்னைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். பட்டதாகவும் தெரியவில்லை.

அத்தை

*

மார்ச் 6

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைசி எழுத்து வரைக்கும் படித்தேன். திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பார்த்தேன். உறைக்குள் விரலை விட்டுத் தேடினேன். ஒரு வார்த்தை இல்லை. மொட்டைவாலுக்கு வால் இல்லையே என்று பரிதாபப்பட உங்களுக்கு இடம் இருக்கிறது, நான் எழுதியதற்கு ஒரு வரி இல்லை. என் மேல் கோபம் இருக்கட்டும். அதன் மேலுமா? நல்ல மனசு அத்தை உங்களுக்கு. இனி நான் எழுதப் போவதில்லை. இதுதான்

மார்ச் 7

நேற்று அதற்கு மேல் எழுத முடியாமல் பேனாவை வைத்துவிட்டேன். இன்றைக்கு மார்க்கர் பேனாவில், பெரிய எழுத்தில் எழுதுகிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். தெரியும் உங்களுக்கு.

வேலையில் ஒரு பாட்டில் என்னைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த பெண் பிடித்துவிட்டாள். "எப்படிக்கா விட்டீங்க, இவ்வளவு பெரிய விரிசல்?" என்றாள். வாங்கித் திருப்பிப் பார்த்தேன். கழுத்திலிருந்து அடி வரைக்கும் விரிசல். அது நேராக என்னைப் பார்த்துக்கொண்டுதான் போயிருக்கிறது. நான் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன் மனசுக்குள், மொட்டைவாலை வைத்து. அப்போதுதான் பொறி தட்டியது.

அத்தை, மொட்டைவால் மொட்டை இல்லை.

அவனுக்கு வால் முளைத்து எவ்வளவோ நாளாயிற்று. உங்கள் மகன் கப்பலேறுவதற்கு முன்னாலேயே முளைத்துவிட்டது. கட்டையாக, வழவழப்பாக, உடம்பு ஒரு நிறம் வால் ஒரு நிறமாக. உங்களுக்குப் பல்லி பிடிக்கும். ஆனால் அந்த வீட்டுப் பல்லிகளை என்னைவிட யாரும் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். பயப்படுகிறவளுக்குத்தான் எது எங்கே, எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் தலை என்று தெரிந்தாக வேண்டும். நேற்றுப் பார்த்தேன், இன்றைக்குக் காலையில் பார்த்தேன் என்று எழுதுகிறீர்கள். நீங்கள் பார்க்கவில்லை. ஞாபகத்திலிருந்து எழுதுகிறீர்கள்.

முன்னறைச் சுவரில் இருக்கிற நாலு பேர் பல்லி இல்லை. பட்டப்பகலில் எந்தப் பல்லி வெள்ளைச் சுவரில் வரிசை கட்டி உட்காரும்? அது உங்கள் மகன் பழைய அலமாரியைக் கழற்றின இடத்தில் இருக்கிற திருகாணித் துளைகள். நாலு துளை. கை தட்டினால் எப்படி அசையும்?

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்து நின்றது. கறுப்புக் கோட்டு. பக்கெட்டில் விழுந்த போன். அடுப்பில் துணி. படி. மூடி வைத்த மெஷின். உங்கள் கடிதத்தில் நாலாவது வரி மூன்றாவது வரியின் மேல் ஏறிக் கிடக்கிறது, நான் அதைக் கோபத்தில் கிறுக்கியதாக நினைத்தேன். "இல்ல, வா" என்று சொல்வதை ஏன் நிறுத்தினீர்கள் என்றும் இப்போது தெரிகிறது. இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்கே தெரியவில்லை. தெரியாமல் "இல்ல" என்று சொல்லி என்னை உள்ளே அனுப்ப உங்களுக்கு மனசு வரவில்லை.

அந்த டீ. டம்ளரை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போனீர்களே. பார்த்துவிட்டுப் பொய் சொன்னீர்கள் என்று நினைத்து வீட்டை விட்டே வந்துவிட்டேன். காலையிலிருந்து மாலை வரைக்கும் விரிசல் பார்க்கிறவள் நான். வீட்டுக்குள் ஒரு மனுஷியைப் பார்க்கத் தெரியவில்லை.

போன கடிதத்தின் அடியில் பென்சிலில் சில வரிகள் எழுதியிருந்தேன். அழித்துவிடலாம் என்றுதான் பென்சிலில் எழுதினேன், அழிக்காமல் அனுப்பிவிட்டேன். அது உங்கள் கண்ணில் படவே இல்லை. அதில் என்ன இருக்கிறது என்று இப்போது சொல்ல மாட்டேன். டீச்சரிடம் கொடுத்துப் படிக்கவும் கூடாது. உங்கள் கண்ணால் நீங்கள் படிக்க வேண்டும். கண்ணாஸ்பத்திரிக்குப் போங்கள் அத்தை. காலில் விழுந்து கேட்கிறேன்.

உங்கள் மருமகள்

*

மார்ச் 13

மருமகளுக்கு,

பெரிய எழுத்தில் எழுதினாய். சிரமம் இல்லாமல் படிக்க முடிந்தது. அதற்காகவே உன்னை நாலு அறை அறையலாம் போல இருந்தது.

ஆமாம். தெரியவில்லை. போதுமா? பனி மூடின மாதிரி இருக்கிறது. முதலில் ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போனது. விளக்கு மங்கல் என்று நினைத்து விளக்கை மாற்றினேன். நூல் மட்டம் என்று நினைத்து நூலை மாற்றினேன். அப்புறம் மாற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. டீச்சர் பார்த்துவிட்டு, "புரை முத்தியிருக்கும்க்கா, வாங்க போய் எடுத்துட்டு வந்துடலாம்" என்றாள். விரட்டிவிட்டேன்.

டீயில் விழுந்தது பல்லிதான் என்று அன்றைக்கே அவள் என் காதில் சொன்னாள். நீ பெட்டி கட்டுகிற சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து வந்து, "எனக்குக் கண்ணு தெரியலைடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ நின்றிருப்பாய். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. கெட்ட மாமியார் என்றால் பயப்படுவார்கள், பின்னால் திட்டுவார்கள். கண் தெரியாத மாமியார் என்றால் கையைப் பிடித்து மூலையில் உட்கார வைப்பார்கள். என்னால் மூலையில் உட்கார முடியாது. அதைவிட நீ என்னைத் திட்டிக்கொண்டே எங்கேயாவது இருந்துவிட்டுப் போ என்று நினைத்தேன்.

ஆனால் நீ போன பிறகு வீடு இரைகிறது. ஒரு சத்தமும் இல்லாமல் இரைகிறது. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு முன்னறைக்குப் போகிறேன், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். அலமாரித் துளையோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன், யோசித்துப் பார். அதற்கு உன்னைப் பற்றிப் புகார் வேறு.

பென்சில் வரியைத் தேடினேன். வெயிலில் வைத்துப் பார்த்தேன். காகிதத்தைச் சாய்த்து, நிமிர்த்தி, கண்ணுக்கு ஒட்ட வைத்துப் பார்த்தேன். அழுக்கு மாதிரி ஒரு சாம்பல் கோடு தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. விரலால் தடவினால் நீ அழுத்தி எழுதியிருப்பது தெரிகிறது. டீச்சர் வேலிக்கு அந்தப் பக்கம்தான் நின்றாள். கூப்பிடவில்லை. அப்படி அழுத்தி எழுதினதை அடுத்தவள் வாயால் கேட்க நான் தயாராக இல்லை.

சரி, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். ஆனால் நீ வர வேண்டும். கத்தி வைக்கிற இடத்துக்கு டீச்சரோடு போக மாட்டேன், அவள் வழியெல்லாம் வாயை மூட மாட்டாள். நீ வந்து கையைப் பிடித்துக்கொண்டால் போகிறேன். வீட்டில் இருக்கிற பல்லியை எல்லாம் மருந்து அடிக்கிற ஆளை விட்டு விரட்டிவிடுகிறேன். வாட்ச்மேன், மொட்டைவால், ஒருத்தரும் வேண்டாம். நீ வா.

அத்தை

*

மார்ச் 18

அத்தைக்கு,

மருந்து அடிக்க வேண்டாம். ஆளை வரச் சொல்லியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்த பல்லியோடு எப்படியாவது காலம் தள்ளிவிடலாம்.

ஆனால் நான் வர முடியாது.

லீவு கிடைக்காமல் இல்லை. கோபமும் இல்லை. சத்தியமாக இல்லை. இப்போதைக்கு அவ்வளவு தூரம் பஸ்ஸில் வரக் கூடாது. காரணம் அந்தப் பென்சில் வரியில் இருக்கிறது. நீங்கள் கண்ணைத் திறந்து அதைப் படித்தால், நான் ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்வீர்கள். படிக்காத வரைக்கும் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் பற்றி நானும் அப்படித்தானே நினைத்தேன்.

இது பிடிவாதம் என்று தெரியும். நீங்கள் மட்டும்தான் பிடிவாதம் பிடிக்கலாமா? டீச்சரோடு போங்கள். அவர் பேசினால் பேசட்டும், காதுக்கு ஒன்றும் புரை வரவில்லையே என்று சந்தோஷப்படுங்கள்.

எனக்கும் இங்கே நிலைகொள்ளவில்லை. அடுப்பை நீங்கள் எப்படி மூட்டுகிறீர்களோ என்று வேலையில் நிற்கும்போதெல்லாம் நினைப்பு ஓடுகிறது. போன வாரம் என் அறைக்கும் ஒரு பல்லி வந்துவிட்டது. சின்னது, என் சுண்டு விரல் நீளம்கூட இல்லை. விளக்குக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே துடைத்துக்கொள்கிறது. சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறேன். உள்ளே போக முடியவில்லை, வெளியேயும் போக முடியவில்லை. "இல்ல, வா" என்று சொல்ல இங்கே யாரும் கிடையாது அத்தை.

உங்கள் மருமகள்

*

மார்ச் 24

மருமகளுக்கு,

வர முடியாது என்றால் வராதே. நானும் போகவில்லை. பென்சில் வரியும் வேண்டாம், பேனா வரியும் வேண்டாம்.

அத்தை

*

ஏப்ரல் 20

மருமகளுக்கு,

வரி நேராக இருக்கிறதா? பார்த்துச் சொல்.

போன கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போதே மனசு கேட்கவில்லை. அன்றைக்குப் பொழுதுக்கும் அந்தக் காகிதத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன். மறுநாள் வேலியில் போய் நின்று, "டீச்சர், கிளம்பு" என்றேன். அவள் வழி முழுக்கப் பேசினாள். நல்லவேளை பேசினாள், எனக்கு இருந்த பயம் அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கண்ணில் எடுத்தாயிற்று. இன்னொன்றைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

உடனே உனக்கு எழுதவில்லை. குனியக் கூடாது, எழுதக் கூடாது, படிக்கக் கூடாது என்று ஆயிரம் கூடாது போட்டார்கள். படிக்கிற கண்ணாடி நேற்றுதான் கைக்கு வந்தது.

கட்டை அவிழ்த்ததும் முதலில் கண்ணில் பட்டது நர்ஸ் பெண்ணின் பை. நீலப் பை. நீலம் இவ்வளவு நீலமாகவா இருக்கும்! வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் பார்த்தேன், உன் கோட்டு தொங்குகிறது. உனக்குக் கறுப்பைத்தான் அனுப்பியிருக்கிறேன். வக்கீலம்மா என்று பட்டப்பெயர் வாங்கிக் கொடுத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வீடு இருந்த லட்சணம் இருக்கிறதே! அடுப்படி மேடையில் பிசுக்கு, மூலைக்கு மூலை ஒட்டடை, பாத்திரத்தில் கறை. இதிலா உன்னை வைத்துக் குடும்பம் நடத்தினேன்? நீ ஒரு நாள் முகம் சுளித்துச் சொன்னதில்லையே. முன்னறைச் சுவரில் நாலு துளையும் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் டீச்சர் பயந்துவிட்டாள்.

பொழுது சாயும்வரை கடிகாரத்துக்குக் கீழே காத்திருந்தேன். வந்தான். நீ சொன்னது சரி. வால் இருக்கிறது. ஒட்டுப் போட்ட துணி மாதிரி, நிறம் சேராமல், கட்டையாக. முளைத்துவிட்டதே என்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இத்தனை நாள் இல்லாத வாலுக்காக அழுதிருக்கிறேன்.

நேற்று டீ போட்டேன். வடிகட்டியில் தங்கின சக்கையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சக்கை சக்கை மாதிரிதான் இருக்கிறது. பல்லி மாதிரி இல்லவே இல்லை. வாயும் வயிறுமாக இருக்கிற பிள்ளைக்கு எதைக் கொடுத்தேன் என்று நினைத்ததும் தாங்க முடியவில்லை. அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அழுதேன். அவரிடம் சொல்லிவிடாதே.

ஆமாம், அதற்கு முன்னாலேயே பென்சில் வரியைப் படித்துவிட்டேன். கண்ணாடியைப் போட்டதும் முதல் காரியமாக அதைத்தான் எடுத்தேன். கொல்லையில், அதே நாற்காலியில் உட்கார்ந்து. பஸ்ஸில் வரக் கூடாது என்று எழுதினபோதே பாதி ஊகித்துவிட்டேன், நானும் ஒன்றைப் பெற்றவள்தான். ஆனால் "முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதை ஊகிக்கவில்லை. அவ்வளவு திட்டித் தீர்த்த கடிதத்தின் அடியில் அதை எழுதியிருக்கிறாய். நான் அதற்குப் பதிலாகத் தேய்ந்த செருப்பைப் பற்றி எழுதி அனுப்பினேன்.

இனியாவது என் மகனுக்குச் செய்தி அனுப்பிவிடு. கப்பல் எந்தக் கடலில் இருந்தாலும் சரி.

பயணம் போகலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டேன், தூசி படாமல் போகலாம் என்றார்கள். இந்தக் கடிதம் வந்த இரண்டொரு நாளில் நானும் வந்துவிடுவேன். நீலக் கோட்டை எடுத்து வருகிறேன், வயிற்றுப் பக்கம் பிரித்து விடத் துணி வைத்திருக்கிறேன், கறுப்புக் கோட்டின் காலரையும் அங்கே வந்து தைத்துத் தருகிறேன். டீச்சர் சாவியை வாங்கிக்கொண்டாள். வாசல் விளக்கைத் தினமும் போடச் சொல்லியிருக்கிறேன், வாட்ச்மேன் பட்டினி கிடக்கக் கூடாது.

உன் அறையில் இருக்கிற சுண்டு விரல்காரனை ஒன்றும் செய்யாதே. துடைப்பத்தை எறிந்து அவனையும் மொட்டையாக்கிவிடாதே. நான் வந்ததும் நீ கதவுக்கு வெளியே நில். நான் முன்னால் போய்க் கை தட்டி, சுவர், கதவு இடுக்கு, குழாய்க்கு மேலே எல்லாம் பார்த்துவிட்டுக் குரல் கொடுக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். அப்புறம் உள்ளே வாருங்கள், இரண்டு பேரும்.

அத்தை